கேழ்வரகுக் குதிரும் ஃபெரிட்டினும்: தர்மபுரியில் ஐந்து வாரம்

மார்ச் மாதம் மான்செஸ்டரில் எடுத்த ரத்தப் பரிசோதனைக்குக் கைப்பேசியில் ஒரே வரியில் பதில் வந்தது: "எல்லாம் சரியாக உள்ளது, மேற்கொண்டு எதுவும் தேவையில்லை." அதை நான் படித்தபோது வீட்டு மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். மொத்தமே பதினான்கு படிதான். ஏழாவதில் மூச்சு வாங்கியது. வயது நாற்பத்து மூன்று.

மே மாதம் பெங்களூரில் இறங்கி, ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி தர்மபுரிக்கு வந்தேன். சாலையோரம் முழுக்க மாம்பழக் கூடைகளாம். நான் பார்க்கவில்லை, காரில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தேன். வீட்டு வாசலிலேயே சித்தி என் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "வெளுத்துக் கிடக்கிறாயே கண்ணு" என்றார். இந்தப் பயணத்தின் முதல் மருத்துவப் பரிசோதனை அதுதான். காசும் கேட்கவில்லை, டோக்கனும் இல்லை.

மான்செஸ்டர் ரிப்போர்ட்டைக் காட்டினேன். ஹீமோகுளோபின் 121. சித்தி அதைப் பார்த்துவிட்டு, "சாப்பிடும் முன்பா, சாப்பிட்ட பிறகா?" என்று கேட்டார். சர்க்கரை அளவு என்று நினைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. பிரிட்டனில் ஒரு லிட்டர் ரத்தத்துக்குக் கணக்கு. நம் ஊரில் டெசிலிட்டருக்கு. பத்தால் வகுத்தால் 12.1. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினுக்கு அலகின் பெயர் மாறினாலும் எண் மாறாது. ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் சீரம் இரும்புக்கு மட்டும் அங்குள்ள எண்ணை 5.6-ஆல் பெருக்கினால்தான் இங்குள்ள எண் கிடைக்கும். இரண்டு நாட்டு ரிப்போர்ட்டுகளையும் அருகருகே வைத்து, ஒன்று ஏறிவிட்டது, ஒன்று இறங்கிவிட்டது என்று பயப்படுகிறவர்கள் முதலில் அலகைப் பாருங்கள்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எனக்கு 12.1. ஆகவே சோகை இல்லை. ஆகவே "எல்லாம் சரி". அதே தாளில் ஃபெரிட்டின் 16 என்று இருந்தது. அந்த ஆய்வகத்தின் வரம்பு 13 முதல் 150 வரை, அதனால் அதையும் யாரும் தடித்த எழுத்தில் அச்சடிக்கவில்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலே 30-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைபாடு என்றுதான் சொல்கிறது. குதிரில் கேழ்வரகு தீர்ந்த பிறகும் அடுப்படிப் பானையில் நாலு படி கிடக்கும். பானையை மட்டும் எட்டிப் பார்ப்பவருக்குப் பஞ்சம் தெரியாது. சேமிப்புதான் முதலில் கரைகிறது, ஹீமோகுளோபின் கடைசியில்தான் விழுகிறது. அசதி அதற்கு முன்பே வந்துவிடலாம்.

வந்த நாலாம் நாள் காய்ச்சல். அது விட்டும் விடாமலும் இருந்தபோதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். காசு வாங்காமல், விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்து 11.4 என்று எழுதிக் கொடுத்தார்கள். ஃபெரிட்டின் அங்கே கிடையாது, வெளியே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். குறையாகச் சொல்லவில்லை. சித்திக்குப் பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. 2021 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தயவு. மான்செஸ்டரில் என் வீட்டுக் கதவை இதுவரை யாரும் மாத்திரையோடு தட்டியதில்லை.

வெளியே என்றால் தனியார் லேப். காலை ஆறரை மணிக்கு ஸ்கூட்டரில் ஒரு பையன் வந்தான். வெறும் வயிற்றில்தானே என்று கேட்டான், ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தான், குப்பியில் பெயர் எழுதி ஐஸ் பெட்டிக்குள் வைத்தான். மாலைக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. ஆயிரத்து நானூறு ரூபாய். அங்கே மூன்று வாரம் காத்திருந்ததை நினைத்தபோது இந்த வேகத்துக்கே ஒரு மாலை போடலாம் என்று தோன்றியது. ஆனால் காய்ச்சல் இருக்கிறதா என்று மட்டும் அந்த லேபில் ஒருவரும் கேட்கவில்லை. ஃபெரிட்டின் 64. கவுண்டரில் இருந்த பெண், "எல்லாம் நார்மல்தான் அக்கா" என்றாள். மறுபடியும் அதே வரி, இந்த முறை தமிழில்.

நேதாஜி பைபாஸ் ரோட்டை ஒட்டிய தெருவில் ஒரு பொது மருத்துவரிடம் காட்டினேன். டோக்கன் எண் 31, இரண்டு மணி நேரக் காத்திருப்பு, முந்நூறு ரூபாய். அந்த அம்மா தாளைப் பார்ப்பதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்து, "போன வாரம் காய்ச்சல் இருந்ததா?" என்று கேட்டார். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாக ஏறிக்கொள்ளும், சேமிப்பு காலியாக இருந்தாலும். அப்படிப்பட்ட நேரத்தில் உலக சுகாதார நிறுவனம் இரும்புக் குறைபாட்டுக்குத் தான் வைத்திருக்கும் 15 என்ற கோட்டை 70-க்கு உயர்த்திவைத்துப் பார்க்கச் சொல்கிறது. அந்தக் கோட்டில் வைத்துப் பார்த்தால் என் 64 நார்மல் அல்ல.

பிறகு தாளின் மூலையில் பேனாவால் கணக்குப் போட்டார். சீரம் இரும்பு 34. இரும்பைச் சுமக்க ரத்தத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் டி.ஐ.பி.சி. 390. முதலாவதை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் 8.7 சதவீதம். நூறு இருக்கை உள்ள பஸ்ஸில் ஒன்பது பேர்கூட இல்லை. இருபதுக்குக் கீழே போனாலே சந்தேகப்பட வேண்டுமாம். லேப் தாளில் இந்த விகிதம் இல்லவே இல்லை. கேட்டதற்கு, அது இந்த பேக்கேஜில் வராது என்றார்கள். ஒரு வகுத்தல் கணக்குக்கு எத்தனை ரூபாய் பேக்கேஜ் என்று நான் கேட்கவில்லை. சீரம் இரும்பை மட்டும் தனியாக நம்பவும் முடியாது. காலைக்கும் மாலைக்கும், சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் அது ஆடும்.

மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., தைராய்டு, பி12. அதுவரை மாத்திரை வேண்டாம் என்றார். வீட்டில் அதற்குள் வைத்தியம் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சொல்லிவைத்து, சித்தி சுவரொட்டி வாங்கி மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தார். ஆட்டு மண்ணீரலில் இரும்பு நிறைய உண்டு, அதுவும் உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளும் வகை. களியைப் பற்றித்தான் சண்டை வந்தது. கேழ்வரகின் பெருமை கால்சியம். இரும்பு அதில் சுமாராகத்தான் இருக்கிறது, அதையும் தானியத்திலுள்ள ஃபைட்டேட் பிடித்துவைத்துக்கொள்ளும். களி தின்றவுடன் டீ குடித்தால் இன்னும் மோசம். இதைச் சொன்னதற்கு, "களி தின்றுதான் உன் பாட்டி தொண்ணூறு வரை இருந்தாள்" என்று பதில் வந்தது. பாட்டி டீ குடித்ததில்லை என்பதை நான் சொல்லவில்லை.

இரண்டாவது முறை சி.ஆர்.பி. அடங்கியிருந்தது. தைராய்டும் பி12-உம் சரி. ஃபெரிட்டின் 11, விகிதம் ஏழு சதவீதம். காய்ச்சல் போட்டிருந்த போர்வை விலகிவிட்டது. அந்த அம்மா உடனே சீட்டு எழுதவில்லை. "இரும்பு எங்கே போகிறது என்று தெரிய வேண்டாமா?" என்றார். மாதவிடாய் எத்தனை நாள், எத்தனை நாப்கின், கட்டியாகப் போகிறதா? பத்து வருடமாக இதை யாரும் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. நானும் எல்லாருக்கும் இப்படித்தான் என்று இருந்துவிட்டேன். ஸ்கேனில் கருப்பையில், ரத்தப்போக்கை அதிகமாக்கக்கூடிய நாலு சென்டிமீட்டர் நார்த்திசுக் கட்டி. இதுவே ஓர் ஆணாகவோ மாதவிடாய் நின்ற பெண்ணாகவோ இருந்தால் வயிறு, குடலில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று தேடாமல் விட மாட்டேன் என்றார்.

மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு வேளை. தினமும் விழுங்கினால் மறுநாள் மாத்திரையை உடம்பு சரியாக உள்ளே விடுவதில்லையாம். டீ, காபி, கால்சியம் மாத்திரை எதையும் அதோடு சேர்த்து எடுக்கக் கூடாது. மலம் கறுக்கும், பயப்படாதே என்றார். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் மூன்று மாதம் நிறுத்தக் கூடாது; அப்போதுதான் குதிர் நிரம்பும். மருந்துக் கடைக்காரர் சீட்டில் இல்லாத ஒரு டானிக்கையும் சேர்த்து எடுத்துவைத்தார். திருப்பிக் கொடுத்தேன்.

என் கதை பரவி, அண்ணியும் தன் பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு துணிக்கடைப் பையில் கட்டிக்கொண்டு வந்தார். ரத்தம் கம்மி என்று பல வருடமாக இரும்பு மாத்திரை விழுங்குகிறவர். ஹீமோகுளோபின் 10.9, அசையவே இல்லை. சிவப்பணுவின் அளவைக் காட்டும் எம்.சி.வி. 66, மிகச் சிறியது. ஆனால் அணுக்களின் எண்ணிக்கை 56 லட்சம், அதிகம். ஃபெரிட்டின் 140. மருத்துவர் பையை முழுக்கக் கொட்டிப் பார்த்துவிட்டு இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னார். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோஃபோரசிஸ் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அந்த முடிவு நான் கிளம்பிய பிறகுதான் வந்தது. மான்செஸ்டர் வீட்டு மாடிப்படியில், ஒன்பதாவது படியில் நின்று வாட்ஸ்அப்பில் பார்த்தேன். ஏ2 என்ற வகை 5.2 சதவீதம், 3.5-க்கு மேல் போனால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாற்றின் கடத்தி, அதாவது அதைப் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவர் என்று பொருள். அண்ணிக்கு இதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் அவர் மகளுக்கு இப்போதுதான் வரன் பார்க்கிறார்கள். கணவனும் மனைவியும் கடத்திகளாக அமைந்துவிட்டால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான தலசீமியா வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மகளுக்கும் எடுங்கள், கடத்தி என்று வந்தால் மாப்பிள்ளைக்கும் கேளுங்கள் என்று அண்ணியிடம் சொன்னேன். "ஜாதகத்தோடு இதையும் எப்படிக் கேட்பது?" என்று அண்ணி திருப்பிக் கேட்டார். அதற்கு நானும் சித்தியும் இன்னும் வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறோம்.