செம்பனைக்குக் கீழே தெரியாத வெள்ளம்: செயற்கைக்கோள் தளங்களைப் பயன்படுத்திய சில ஆண்டு அனுபவம்

2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள தோட்டக் குடும்பங்களுக்காக, இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களையும் அரசின் இணையவழி எச்சரிக்கைத் தளங்களையும் மழைக்காலந்தோறும் பார்த்து வருகிறேன். நான் பொறியியல் படித்ததில்லை. தோட்டத்து ஆபிசில் கிராணியாக (எழுத்தராக) இருந்ததால் கணக்கும் வரைபடமும் கைப்பழக்கம், அவ்வளவுதான். எந்தத் தளம் எதற்குப் பயன்படுகிறது, எது ஏமாற்றுகிறது என்பது பழகப் பழகத்தான் புரிந்தது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விண்வெளியிலிருந்து வரும் படங்களுள் பார்க்கச் சிறந்தவை வெள்ளம் ஏறும் இரவில் பெரும்பாலும் உதவுவதில்லை. அவற்றின் பயன் மழை இல்லாத மாதங்களில்தான் தெரியும்.

எங்கள் பட்டணம் சிலாங்கூர் ஆற்றை ஒட்டியது. மேலே கோலக்குபு பாரு மலைகள், அங்கே ஆற்றின் பெயரையே தாங்கிய அணை, கீழே கோலா சிலாங்கூர் முகத்துவாரம். இடையே செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களும், ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைகளும், தாழ்வான இடங்களில் தொழிலாளர்களின் பழைய லயத்து வரிசை வீடுகளும், அவற்றுக்குப் பதிலாக எழுந்த தாமான்கள் எனும் குடியிருப்புகளும் இருக்கின்றன. மேற்குக் கரையில் எங்களுக்கு வழக்கமான மழை, பருவமாற்றக் காலமான ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் கொட்டிவிட்டுப் போகும் மழை. 2021இல் நடந்தது வேறு: கிழக்குக் கரை வழியாக வந்த வெப்பமண்டலத் தாழ்வழுத்தம் தீபகற்பத்தைக் கடந்து இந்தப் பக்கமும் விடாமல் பொழிந்தது. இந்த இரண்டு வகை மழைக்கும் ஒரே கருவி போதாது என்பதுதான் நான் முதலில் கற்ற பாடம்.

அதிகம் பயன்படுத்தியது செயற்கைக்கோள் சார்ந்த தளமே அல்ல. நீர்ப்பாசன, வடிகால் துறையின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் தளத்தில் ஆற்று நிலையங்களின் நீர்மட்டம் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளில், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் வருகிறது. பலர் தங்கள் ஊருக்கு அருகிலுள்ள நிலையத்தின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான் மேலேயுள்ள நிலையங்களிலிருந்து தொடங்கிக் கீழே வருவேன். நிறத்தைவிட, மட்டம் எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பதைக் கவனிப்பேன். மேலே ஏறியது ரந்தாவ் பஞ்சாங் பக்கம் வந்து சேர்வதற்குள் கிடைக்கும் அவகாசம்தான் முதியவர்களை வண்டியில் ஏற்றவும், அரிசி மூட்டையை மேசைமேல் வைக்கவும், மோட்டார் சைக்கிள்களை மேட்டுக்குக் கொண்டுபோகவும் போதுமானது. குறை ஒன்று உண்டு. நிலையத்து அளவுகருவி, அது நிற்கும் இடத்தை மட்டுமே அறியும். ஆறு பச்சை நிறத்தில் இருக்கும்போதே அல்லூர் (வடிகால்) அடைபட்டு வீட்டு வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதுண்டு. ஆகவே பாலத்துத் தூணில் பெயிண்டால் போட்ட பழைய கோடுகளைப் பார்க்கும் வழக்கத்தை நாங்கள் இன்னும் விடவில்லை. கோலா சிலாங்கூரில் கடல் பெருக்கு உயரும் நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஆற்றுநீர் கடலில் இறங்கத் தாமதிக்கும் வேளை அது.

மேகத்தைப் பார்க்க, ஜப்பானின் வானிலைச் செயற்கைக்கோளான ஹிமாவாரி. 2014இல் ஏவப்பட்ட ஹிமாவாரி-8 அடுத்த ஆண்டு பணிக்கு வந்தது. 2022 டிசம்பரில் அந்தப் பொறுப்பை ஹிமாவாரி-9 ஏற்றது. நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 140.7 பாகையில் நின்றபடி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முழு வட்டத்தையும் படம் பிடிக்கிறது. ஜப்பானிய வானிலை நிறுவனத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம், இரவிலும் அகச்சிவப்புப் படம் உண்டு. முதல் ஆண்டில் இந்தப் படத்தில் வெள்ளையாகத் தெரிந்த இடமெல்லாம் மழை என்றே எங்கள் குழுவினர் பலரும் எண்ணினார்கள். அகச்சிவப்புப் படம் காட்டுவது மேகத்தின் உச்சியிலுள்ள குளிரை. இடிமேகம் முதிர்ந்ததும் அதன் தலை குடையாகப் பரவி, மழையே பெய்யாத ஊர்களையும் மூடிவிடும். கீழே எங்கே கொட்டுகிறது என்று சொல்லாது. அதற்கு மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் தரை ராடார் படமும் அதன் மைசுவாச்சா செயலியின் எச்சரிக்கையும் மேல். ஆனாலும் பிற்பகல் மூன்று மணிக்குத் தித்திவாங்சா மலைத்தொடர்மேல் எழுந்த மேகம் பெருகுகிறதா, கரைகிறதா என்று தொடர்ந்து வரும் படங்களை ஓடவிட்டுப் பார்ப்பதில் பயன் உண்டு. தென்சீனக் கடலில் ஒரு தாழ்வழுத்தம் சுழன்று வருவதை முன்கூட்டியே கண்ணால் பார்ப்பதில் அதைவிடப் பயன் உண்டு.

உலக மழையை அளக்கும் ஜிபிஎம் செயற்கைக்கோள் வரிசையிலிருந்து நாசா தொகுக்கும் ஐமெர்க் மழைக் கணக்கையும் சில காலம் பார்த்தேன். அரைமணிக்கு ஒரு பதிவு, ஒரு கட்டம் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் அகலம், முதல் கணக்கே வெளிவரச் சில மணி நேரமாகும். தோட்டத்தின் ஒரு டிவிஷனில் (பிரிவில்) பெய்து அடுத்த டிவிஷனில் பெய்யாத எங்கள் மழைக்கு அது பெரிய சல்லடை. ஒரு வாரமாக மேல்நிலம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அறிய மட்டும் இப்போதும் திறக்கிறேன்.

நான் அதிக நேரம் செலவிட்டதும் அதிகம் கற்றதும் ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள்கள் எடுக்கும் ராடார் படங்களில்தான். கோப்பர்னிக்கஸ் பிரௌசர் என்ற இணையதளத்தில் இலவசமாகப் பதிந்துகொண்டு எவரும் பார்க்கலாம். ஒளிப்படம் எடுக்கும் சென்டினல்-2 மேகத்தைத் தாண்டிப் பார்க்காது. வெள்ள நாளில் மேகம் இல்லாமல் இருக்காது. ராடார் அலை மேகத்தையும் இருளையும் ஊடுருவும். தட்டையான நீர்ப்பரப்பில் சாய்வாக விழும் அலை, கண்ணாடியில் சாய்த்து அடித்த டார்ச் ஒளியைப்போல அடித்தவரிடம் திரும்பாமல் அப்பால் போய்விடுவதால், தண்ணீர் நின்ற இடம் கறுப்பாகத் தெரியும். எங்கள் ஊரில் இதை முதன்முதலாகத் திறப்பவர் திகைத்துப்போவார், ஏனென்றால் ஈயக் குட்டைகள் ஆண்டு முழுவதும் கறுப்பு. வறண்ட மாதத்துப் படத்தை அருகில் வைத்து, புதிதாகக் கறுத்த இடத்தை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்த சிக்கல்தான் இந்தப் பகிர்வை எழுதத் தூண்டியது. சென்டினல்-1 பயன்படுத்தும் சி-பேண்ட் அலையின் நீளம் ஏறத்தாழ 5.5 சென்டிமீட்டர். முதிர்ந்த செம்பனையின் மட்டைகளில் பட்டே அது திரும்பிவிடும். மரத்தடியில் இடுப்பளவு தண்ணீர் நின்றாலும் படத்தில் தோட்டம் வழக்கம்போலச் சாம்பல் நிறத்தில் அமைதியாக இருக்கும். நெல்வயல் நாடுகளில் இந்தப் படங்களைக் கொண்டாடி எழுதப்படும் கட்டுரைகளை நம்பி இங்கே பயன்படுத்தினால், வெள்ளம் சூழ்ந்த லயம் வறண்ட நிலமாகவே தெரியும். ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் நீளமுள்ள எல்-பேண்ட் அலை இலைகளைக் கடந்து, நீரிலும் மரத்தண்டிலும் பட்டு இருமுறை எதிரொலித்துத் திரும்புவதால், வெள்ளம் நின்ற காட்டை வழக்கத்தைவிட வெளிச்சமாகக் காட்டும். ஜப்பானின் ஆலோஸ்-2 செயற்கைக்கோள் அந்த வகை. அதன் நுணுக்கமான படங்கள் பெரும்பாலும் விலைக்குத்தான் கிடைக்கும். 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நைசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது, எல்-பேண்ட் கருவியையும் சுமக்கிறது. தோட்டப்புறங்களுக்கு உண்மையில் வேண்டியது அந்த அலை என்பது என் எண்ணம்.

வேகமும் குறைவு. ஒரு சென்டினல்-1 அதே பாதைக்குத் திரும்பப் பன்னிரண்டு நாள் ஆகும். இரட்டையரில் ஒன்றான சென்டினல்-1பி, 2021 டிசம்பர் 23இல், சிலாங்கூரில் வீடுகளைக் கழுவிக்கொண்டிருந்த அதே வாரத்தில், பழுதாகிப் பிறகு பணிக்குத் திரும்பவே இல்லை. மாற்றாக 1சி செல்ல 2024 டிசம்பர் ஆனது. ஒரே இரவில் ஏறி இரண்டு நாளில் வடியும் வெள்ளத்தை இந்தக் கணக்கில் பிடிப்பது அதிர்ஷ்டம்தான்.

இவ்வளவு குறை சொல்லியும் நான் இதை விடாததற்குக் காரணம் மறுநடவு. முதிர்ந்த மரங்களைச் சாய்த்துக் கன்று வைத்த பகுதியில் ராடார் திடீரென்று நேராக நிலத்தைப் பார்க்கிறது. அப்படிப்பட்ட இடங்களின் படங்களைப் பருவந்தோறும் சேர்த்து வைத்ததில், மழை ஓய்ந்த பின்னும் எந்தப் பள்ளத்தில் நீர் தங்குகிறது, எந்த மண்சாலை அணையாக நின்று நீரைத் தேக்குகிறது என்பது ஒரு கோடாகவே தெரிந்தது. அந்தப் படத்தை அச்சிட்டு நிர்வாகத்திடம் கொண்டுபோனோம். ‘எப்போதும் தண்ணீர் நிற்கிறது’ என்று வாயால் சொன்னபோது நீண்ட பேச்சு, தேதியிட்ட படங்களை மேசையில் வைத்ததும் சுருங்கியது. மண்சாலைக்கு அடியில் கூடுதல் குழாய் பதித்தார்கள். முதியவர்களை அழைத்துச்செல்லும் வழியையும் அந்தக் கோட்டைத் தவிர்த்து மாற்றிக்கொண்டோம்.

உயர வரைபடங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பல வெள்ள அபாயப் படங்களுக்கு அடிப்படையாக இருக்கும் எஸ்ஆர்டிஎம் தரவு 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ராடாரால் அளந்தது. அதுவும் சி-பேண்ட். மரம் அடர்ந்த இடத்தில் தரையின் உயரத்தை அல்ல, ஏறக்குறைய மரத்தலையின் உயரத்தைத் தருகிறது. தாழ்ந்த தோட்டம் மேடாகவும், மரமில்லாத தாமான் பள்ளமாகவும் தெரிவதைப் பார்த்து எவரும் வீடு வாங்கும் முடிவை எடுக்க வேண்டாம்.

வறண்ட மாதங்களில் வேலை வேறு. பக்கத்திலுள்ள ராஜா மூசா வனக்காப்பகத்தின் கரிச்சேற்று நிலம் (மக்கிய தாவரங்களாலான சதுப்பு) காய்ந்தால் தீப்பற்றும், புகை எங்கள் பள்ளிக்கூடங்கள்வரை வரும். நாசாவின் ஃபர்ம்ஸ் தளம், செயற்கைக்கோளிலுள்ள விர்ஸ் கருவி 375 மீட்டர் நுணுக்கத்தில் கண்ட வெப்பப் புள்ளிகளைச் சில மணி நேரத்தில் காட்டுகிறது. தினமும் அதே இடத்தில் தோன்றும் புள்ளி நெருப்பாக இல்லாமல் ஆலையாக இருக்கலாம். புள்ளி இல்லை என்றால் நெருப்பு இல்லை என்றும் கொள்ளக்கூடாது, கரிச்சேறு மேலே சுடர் இல்லாமல் அடியில் புகைந்துகொண்டே போகும். புகைக்குள்ளும் மேகத்துக்குள்ளும் புள்ளிகள் மறையும்.

இத்தனையும் என் கைப்பேசியில் இருந்தால் யாருக்கு லாபம்? வண்ணப் படங்களைக் கோயில் வாட்சாப் குழுவில் அனுப்பியபோது ஓர் அக்கா குரல் பதிவு போட்டார்: “இந்தக் கலரெல்லாம் எனக்கு வேணாம், தண்ணி வருமா வராதா, எத்தனை மணிக்கு மாட்டை அவுக்கணும், அதச் சொல்லுங்க.” அன்றிலிருந்து படம் அனுப்புவதில்லை. மேல்நிலையத்தில் என்ன மட்டம், அடுத்து எப்போது பார்த்துச் சொல்வேன், யார் யார் இப்போதே கிளம்ப வேண்டும் என்று ஒரு நிமிடத்துக்குள் தமிழில் பேசி அனுப்புகிறேன். நிவாரண மையம் திறந்த செய்தியை அதிகாரபூர்வமாக வந்தபின் மட்டுமே சேர்ப்பேன்.

மின்சாரம் நின்று கைப்பேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்தால் இந்த ஏற்பாடு மொத்தமும் நின்றுவிடும். 2023இல் செயற்கைக்கோள்வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் மலேசியாவில் உரிமம் பெற்றபின் பொது மண்டபத்தில் ஒன்றை வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. அதற்கும் மின்சாரம் வேண்டும் என்பதால் முதலில் பேட்டரியும் சூரியத் தகடும் வாங்கினோம். அதுவும் தீர்ந்தால் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட, ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் இளைஞரை முன்பே குறித்து வைத்திருக்கிறோம்.

புதிதாகத் தொடங்கும் தோட்டத்தாருக்கு என் பரிந்துரை: முதல் மழைக்காலத்தில் ஆற்று நிலையங்களையும் ஹிமாவாரியையும் மட்டும் பழகுங்கள். ராடார் படங்களை வறண்ட மாதத்தில் திறந்து, உங்கள் குட்டைகளையும் கால்வாய்களையும் அடையாளம் கண்டு வையுங்கள். உங்கள் தோட்டத்தில் மறுநடவு நடக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் உடனே படங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். கன்று வளர்ந்து மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளச் சில ஆண்டுகளே ஆகும், அதன்பின் அந்த நிலத்தை அடுத்த மறுநடவுவரை சி-பேண்ட் பார்க்காது.