பைல் ஆசிட் கேட்டால் பிலிருபின் பார்க்கிறார்கள்

வளைகாப்பு முடிந்த மறுநாள், திருநெல்வேலியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நடந்ததைச் சொல்லாமல் இந்த ஊர்ப் பயணத்தைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

தங்கைக்கு 33 வாரம். ஒரு வாரமாக உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிப்பு, ராத்திரியில்தான் அதிகம். தடிப்போ கொப்புளமோ இல்லை. சொறிந்த கோடுகள் மட்டும். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்: உடம்புச் சூடு. விளக்கெண்ணெய் தடவு, சீரகத் தண்ணி குடி. லண்டனில் இந்த அரிப்பைப் பிரசவப் பிரிவுக்குப் போனில் சொன்னால் ரத்தம் கொடுக்க வரச் சொல்வார்கள். கல்லீரலிலிருந்து பித்தம் சரியாக வெளியேறாமல் பித்த அமிலம் ரத்தத்தில் ஏறும் கர்ப்பகாலப் பித்தத் தேக்கமாக இருக்கலாம் என்பதுதான் காரணம்.

டாக்டரம்மா சரியாகத்தான் எழுதிக் கொடுத்தார்: எல்.எஃப்.டி. (கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை), சீரம் பைல் ஆசிட் (ரத்தத்தில் உள்ள பித்த அமிலம்). கவுண்டரில் இருந்த பெண் இரண்டாவதைப் பிலிருபின் என்று பில் போட்டுவிட்டாள். கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான்க்கா." மத்தியானம் செல்போனுக்கே ரிப்போர்ட் வந்தது. பிலிருபின் 0.6. "மஞ்சக்காமாலை இல்லக்கா, பயப்படாதீங்க."

ரெண்டும் ஒன்றே அல்ல. பழைய சிவப்பணுக்கள் உடைவதில் வருவது பிலிருபின். கொலஸ்ட்ராலிலிருந்து கல்லீரல் தயாரிப்பது பித்த அமிலம். இந்த நோயில் பெரும்பாலான பெண்களுக்குப் பிலிருபின் ஏறுவதே இல்லை, கண்ணும் மஞ்சளாகாது. அதனால் 0.6 என்பதை வைத்து அரிப்பைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது. நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் இதில் ஆபத்து. எல்.எஃப்.டி.யில் பார்க்க வேண்டியது எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதியை. அதே ரிப்போர்ட்டில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற இன்னொரு நொதி கூடியிருந்தால் பதற வேண்டாம், கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடியிலிருந்தே அது வரும்.

இரண்டாம் முறை போனபோது இன்னொரு தகராறு: 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு வரவேண்டுமாம். நிறைமாதத்தை நெருங்கும் பெண்ணை எதற்குப் பட்டினி போட வேண்டும்? சாப்பிட்ட பிறகுதான் பித்த அமிலம் உச்சத்துக்குப் போகும், கணக்கில் எடுப்பதும் அந்த உச்சத்தைத்தான். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி எந்த நேரத்திலும் ரத்தம் எடுக்கலாம். அரிப்போடு பித்த அமிலம் லிட்டருக்கு 19 மைக்ரோமோலோ அதற்கு மேலோ இருந்தால் பித்தத் தேக்கம். 39 வரை லேசானது, 40 முதல் 99 வரை நடுத்தரம், 100ம் அதற்கு மேலும் கடுமை. குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் 40க்குக் கீழே 0.13 சதவீதம், 100ஐத் தொட்டால் 3.44. அதனால்தான் கடுமையானதற்கு 35–36 வாரத்திலும், நடுத்தரத்துக்கு 38–39 வாரத்திலும் பிரசவத்தைத் திட்டமிடச் சொல்கிறார்கள்.

ரத்தம் சென்னைக்குப் போய் முடிவு வர நான்கு நாள். பித்த அமிலம் 46, அதாவது நடுத்தரம். இனி 35 வாரம் நெருங்கும்போது வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். முதல் முறை இயல்பாக வந்தாலும் அரிப்பு நிற்கவில்லை என்றால் திரும்பப் பாருங்கள். சிலருக்கு அரிப்பு வந்து சில வாரம் கழித்துத்தான் எண் ஏறும்.

உர்சோ (உர்சோடிஆக்ஸிகோலிக் ஆசிட்) மாத்திரையைப் பல டாக்டர்கள் எழுதுகிறார்கள். அரிப்பைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். குழந்தையைக் காப்பதாக 2019இல் வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வில் தெரியவில்லை. மாத்திரை சாப்பிடுகிறோமே என்று பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

ஒன்றை மனசாரப் பாராட்ட வேண்டும். காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். லண்டனில் எனக்குத் தெரிந்து வயிற்றைத் தூக்கிக்கொண்டு நாம்தான் போக வேண்டும்.

கண் மஞ்சள், விடாத வாந்தி, வலது விலாவின் கீழ் வலி, கடும் தலைவலி என்றால் இது வேறு சமாச்சாரம். கீழாநெல்லி அரைத்துக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். அழுக்குத் தண்ணீரில் பரவி மஞ்சள்காமாலை வரவைக்கும் ஹெபடைடிஸ் ஈ வைரஸ் கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளின் உயிரையே எடுக்கும். கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

பரிசோதனைக்குப் போகிறவர்கள் ஊசி குத்தும் முன் பில்லை வாங்கிப் படியுங்கள். 'டோட்டல் பைல் ஆசிட்ஸ்' என்று இருக்க வேண்டும். பிரசவம் ஆகி நான்கு வாரமாவது கழித்து எல்.எஃப்.டி. மறுபடி எடுக்க வேண்டும். அப்போதும் இறங்கவில்லை என்றால் கல்லீரலில் வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.