ஹைப்பரா, ஹைப்போவா? மருத்துவ முன்னொட்டு அட்டைக்கட்டு: மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு

நான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் பேசி அனுப்பும் ஆடியோவை ஹெட்போனில் கேட்டு டைப் செய்ய வேண்டும். சேர்ந்த புதிதில் ஒருநாள் ஹைப்போகலீமியா என்று சொன்னதை ஹைப்பர்கலீமியா என்று அடித்துவிட்டேன். முதலாவது ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, இரண்டாவது அதிகம், நேர் எதிர். இரண்டு வரி தள்ளி பொட்டாசியம் 2.9 என்று நானே அடித்திருக்கிறேன், 3.5-க்குக் கீழே போனாலே குறைவு என்பதும் தெரியும், அப்படியும் உறைக்கவில்லை. சரிபார்த்த அக்காதான் பிடித்தார். அந்த வாரமே இந்த அட்டைக்கட்டை வாங்கினேன்.

ஒரு பக்கம் முன்னொட்டு, மறுபக்கம் தமிழில் பொருள், இரண்டு மூன்று எடுத்துக்காட்டு, ஒரு சின்னப் படம். அவ்வளவுதான். ஆனால் நல்ல அட்டைகள் உண்மையிலேயே நல்ல அட்டைகள். ஹைப்போ அட்டையில் தோலைக் குறுக்காக வெட்டிய மாதிரி படம், ஊசிமுனை மேல்தோலைத் தாண்டிக் கீழே நிற்கிறது. ஹைப்போடெர்மிக் ஊசி என்றால் தோலுக்குக் கீழே போகும் ஊசி. மூளையில் தாலமஸுக்குக் கீழே இருப்பது ஹைப்போதாலமஸ். ஹைப்போவின் அசல் பொருளே 'கீழே'தான், 'குறைவு' என்பது அதிலிருந்து வந்தது என்று அந்த ஒரு படத்திலேயே புரிந்துவிட்டது. டாக்கி, பிராடி இரண்டையும் ஒரே அட்டையில் முன்னும் பின்னுமாக வைத்ததும் பிடித்தது: நிமிடத்துக்கு 100-க்கு மேல் துடித்தால் டாக்கிகார்டியா, 60-க்குக் கீழே என்றால் பிராடிகார்டியா. டயா என்றால் 'ஊடாக', டயரியா என்றால் ஊடாக ஓடுவது. நம் வயிற்றுப்போக்கில் இருக்கும் 'போக்கு'ம் அதேதான் என்று படித்த அன்றே ஒட்டிக்கொண்டது.

குறைகளும் இருக்கின்றன. முன்னொட்டைத் தமிழ் எழுத்தில் மட்டும் கொடுத்திருக்கிறார்கள், என் மாதிரி ஆட்களுக்கு இது பெரிய சிக்கல். ஆன்டிபயாட்டிக்கில் வருவது கிரேக்க ஆன்டி, 'எதிராக'. ஆன்டிநேட்டலில் வருவது லத்தீன், 'முன்பு', அதாவது பிரசவத்துக்கு முன்பு. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு ஐ, மற்றதற்கு ஈ, ஆனால் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். கட்டில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன, வித்தியாசம் சொல்ல ஒரு வரிகூட இல்லை. அனீமியா அட்டையில் 'அன்: இல்லை' என்று முடித்துவிட்டார்கள். பிரித்தால் 'ரத்தமின்மை' என்றுதான் வரும், ஆனால் அனீமியா இருப்பவர் உடம்பில் ரத்தம் இல்லாமலா போய்விடும்? 'இல்லை அல்லது போதாது' என்று போட்டிருக்க வேண்டும். பாராவுக்கு 'பக்கத்தில்' என்பது மட்டும்தான். தைராய்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிக்கு அது சரி, பாராசிட்டமாலுக்கு என்ன செய்வது? அங்கே பாரா என்பது வேதியியல் பெயர், பென்சீன் வளையத்தில் எதிரெதிர் இடங்களைக் குறிப்பது. அப்புறம் காகிதம் மெல்லிசு, முனையெல்லாம் சுருண்டுவிட்டது.

எனக்கு உண்மையான ஆதங்கம் வேறு. தமிழில் அட்டை போடுபவர்கள் தமிழில் ஏற்கனவே இருக்கும் சொற்களை விட்டுவிட்டார்களே! கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக்குடும்பம், சமஸ்கிருதம் வழியாகத் தமிழுக்கு வந்து நாம் தினமும் பேசும் சொற்களில் இதே முன்னொட்டுகளின் சொந்தங்கள் இருக்கின்றன. அணை நிரம்பினால் 'உபரி நீர்' திறக்கிறோமே, அந்த உபரியும் ஹைப்பரும் ஒரே வேர். உபதலைவரில் இருக்கும் 'உப'வும் ஹைப்போவும் அப்படியே. டிஸ்ப்னியாவில் மூச்சைச் சிரமம் ஆக்கும் 'டிஸ்'தான் துர்நாற்றத்தில் வரும் 'துர்'. இன்மையைச் சொல்லும் 'அ' இரண்டு பக்கமும் ஒரே விதிப்படிதான் நடக்கிறது: மெய்யெழுத்துக்கு முன்னால் 'அ', உயிரெழுத்துக்கு முன்னால் 'அன்'. நீதி அநீதி ஆகிறது, அந்தம் அனந்தம் ஆகிறது. அதே மாதிரி கிரேக்கத்தில் மூச்சு நிற்பது அப்னியா, உணர்வு போவது அனஸ்தீசியா. இதை அட்டையின் மூலையில் ஒரு வரியாகப் போட்டிருந்தால் பாதிப் பேர் மனப்பாடமே செய்ய வேண்டியிருக்காது.

புதிதாக நர்சிங், லேப், மெடிக்கல் கோடிங் படிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். மொத்தமாகப் புரட்டாதீர்கள், ஒரு நாளைக்கு ஐந்து அட்டை போதும். கட்டின் கடைசியில் சில வெற்று அட்டைகள் தருகிறார்கள். முதல் அட்டையில் நான் பெரிதாக 'உபரி' என்று எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன், பக்கத்திலேயே 'உப'. காதில் ஹைப் என்று விழுந்ததும் கண் தானாக அங்கே போய்விடுகிறது.