கொழும்பு காலிமுகத்திடலில் "யானைத் திருவிழா, இன்றைக்கு மட்டும்தான்" என்று யாராவது சொன்னால்

கொழும்புக்குக் குறைந்த செலவில், முதுகுப்பையோடு தனியாகக் கிளம்புகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம், அங்கேயும் தமிழ் பேசுகிறார்கள், அப்புறம் என்ன பயம் என்ற தைரியத்தில்தான் நம்மில் பலர் போகிறோம். அந்தத் தைரியத்தையே தூண்டிலாக்குகிற ஆட்கள் காலிமுகத்திடல் என்ற கடலோர மைதானத்துப் பக்கம் நடமாடுகிறார்கள். அக்டோபரில் எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை பத்து மணி வாக்கில் கடலோரமாக நடந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் திடலில் கூட்டம் இருக்காது. பட்டம் விடுகிறவர்களும் இறால் வடைக்காரர்களும் மாலையில்தான் நிறைவார்கள். தேய்த்த சட்டை, கையில் குடை, ஐம்பது வயதிருக்கும், ஒருவர் எதிரே வந்தார். "தம்பி தமிழ்நாடா?" என்று சிரித்தார். எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்டார். சொன்னதும், "அங்கதானே என்ட மச்சான் சமையல் வேலை செய்யிறான்" என்றார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருச்செந்தூருக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்துபோன கதையைச் சொன்னார். கோவிலைச் சுற்றியுள்ள தெருக்கள்வரை சரியாகச் சொன்னார். கால் மணி நேரம் பேசியபின்தான் விஷயத்துக்கு வந்தார்: "கங்காராம விகாரையில இண்டைக்கு பெரஹர, யானை எல்லாம் வந்திருக்கு. பன்னிரண்டு மணிக்கு முடிஞ்சிடும். நானும் அந்தப் பக்கம்தான் போறன்." கையைக் காட்டினார், ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநரிடம் சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசினார். முன்பின் தெரியாத ஆளிடம் பேசுவதுபோலத்தான் இருந்தது.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரஹர என்றால் பௌத்தக் கோவில் ஊர்வலம். கங்காராம என்ற பௌத்த விகாரையின் நவம் பெரஹர 1979இல் தொடங்கியது. வழக்கமாகப் பிப்ரவரிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கிறது. யானைகள் வருவது உண்மைதான், ஆனால் ஊர்வலம் புறப்படுவது இரவில். கண்டியின் எசல பெரஹரவோ ஜூலை, ஆகஸ்டில் வருகிறது. அக்டோபர் மாதக் காலையில், கொழும்பில், பன்னிரண்டு மணிக்கு முடிகிற யானை ஊர்வலம் என்று ஒன்று கிடையாது.

அன்று இது தெரியாமல் ஆட்டோவில் ஏறிப் போனேன். விகாரையில் வழக்கமான கூட்டம்கூட இல்லை. பேரை வாவி என்ற ஏரிக் கரையில் அமைந்த அழகான இடம், அதைக் குறை சொல்ல மாட்டேன். நாடெங்குமிருந்து வந்த காணிக்கைகளும் பழைய கார்களும் பாடம் செய்து வைத்த ஒரு கொம்பன் யானையும் அங்கே இருக்கின்றன. நிதானமாகப் பார்க்க அரை நாள் வேண்டும். எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம். "யானை இப்பத்தான் போனது தம்பி, நேரமாகுது, வாங்க" என்று வெளியே இழுத்து வந்துவிட்டார்.

அடுத்து நின்ற இடம் ஒரு இரத்தினக்கல் கடை. "அரசாங்கக் கடை, வரி இல்லாத நாள் இன்றோடு முடியுது" என்றார். உள்ளே ஏசி, பிளேன் டீ, நாற்காலி. கடைக்காரர் முதலில் விலை பேசவே இல்லை. "உங்கட ராசி என்ன?" என்றார். மகரம் என்றேன். "அப்ப சனிதான் அதிபதி, நீலம் போட வேணும்" என்று வெள்ளைத் தாள் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, இடுக்கியால் கல்லை எடுத்து, சின்ன டார்ச்சின் மேல் வைத்துக் காட்டினார். அறை முழுக்க நீலம் தெறித்தது. வெள்ளைக்காரப் பயணியிடம் இந்தப் பேச்சு எடுபடாது. நம்மிடம் எதைத் தொட்டால் மனம் இளகும் என்று தெரிந்து பேசுகிறார்கள். சென்னையில் மூன்று மடங்குக்கு விற்கலாம் என்பது அதற்கடுத்த வார்த்தை. இலங்கை நீலக்கல்லுக்குப் பேர் போன நாடு, நல்ல கல் கிடைக்காமல் இல்லை. வாங்க ஆசையிருந்தால், தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகார சபையில் சோதித்துவிட்டு வாங்குகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நான் அதைச் சொன்னதும் டீ கப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குடைக்காரரையும் அதற்குப்பின் காணவில்லை.

மிச்சமிருந்தது ஆட்டோக்காரர். ஆள் நடமாட்டமில்லாத ஒரு குறுக்குத் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு 9,500 இலங்கை ரூபாய் கேட்டார். போனதற்கு, காத்திருந்ததற்கு, கடைக்கு வந்ததற்கு என்று தனித்தனியாகக் கணக்கு. காலிமுகத்திடலிலிருந்து கங்காராமவுக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். பிக்மீ என்ற வண்டி பிடிக்கும் செயலியில் போட்டால் சில நூறு ரூபாய்தான் காட்டும். சத்தம் போட்டேன். இன்னொரு ஆட்டோ பின்னால் வந்து நின்றது, அதிலிருந்து ஒருவர் இறங்கி என் பையின் மேல் கை வைத்தார். 5,000 கொடுத்தேன். ஹாஸ்டலில் கிட்டத்தட்ட இரண்டு இரவுக்கான பணம். வண்டி எண்ணைப் படமெடுத்துப் போலீஸில் முறைப்பாடு கொடுத்தேன், மரியாதையாக எழுதிக்கொண்டார்கள். பணம் இதுவரை திரும்பவில்லை.

எனக்கு ஆத்திரம் பணத்தால் மட்டும் இல்லை. மறுநாள் காலி வீதியில் (Galle Road) 100ஆம் இலக்க பஸ்ஸில் பக்கத்திலிருந்த அம்மா, "எங்க இறங்கப் போறீங்கள் தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், வெள்ளவத்தை வந்ததும் நடத்துநரிடம் சொல்லி நிறுத்தச் செய்தார். எந்தச் சைவக் கடையில் இடியப்பமும் சொதியும் நன்றாக இருக்கும் என்றும் சொல்லிவிட்டுத்தான் விட்டார். இப்படிப்பட்டவர்களைச் சந்திக்கத்தானே ஹோட்டல் அறையை விட்டுவிட்டு இப்படி அலைகிறோம்? அவர்கள்மேலேயே சந்தேகம் வர வைத்தானே, அந்தக் குடைக்காரனை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே கொழும்பில் யாரோடும் பேசாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். கோட்டை ரயில் நிலையத்திலிருந்து கல்கிசைப் பக்கம் போகும் கரையோர ரயிலில் ஏறுங்கள். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போங்கள், எல்லா மதத்துக்காரரும் வருவார்கள். செட்டியார் தெருக் கோவில் வாசலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அங்கே பேசுகிறவர்கள் தங்கள் வேலைக்கு நடுவில் பேசுகிறார்கள், பேச்சு முடிந்ததும் அவரவர் வழியில் போய்விடுகிறார்கள். கூடவே வருகிறவர், நேரமாகிறது என்று அவசரப்படுத்துகிறவர், தானே வண்டி நிறுத்துகிறவர் என்றால் எவ்வளவு இனிக்கத் தமிழ் பேசினாலும் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். வண்டி வேண்டுமென்றால் பிக்மீயோ ஊபரோ நீங்களே போடுங்கள், இல்லையென்றால் மீட்டர் ஓடுகிற ஆட்டோவில் மட்டும் ஏறுங்கள்.

ஏற்கனவே ஏறிவிட்டீர்கள் என்றால், சந்துக்குள் திரும்பும்முன் ஆள் கூட்டமுள்ள இடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்குங்கள். கட்டணம் பற்றிய பேச்சை ஹாஸ்டல் வாசலிலோ கடை வாசலிலோ, உள்ளூர் ஆள் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சுற்றுலாத் துறையின் உதவி எண் 1912, போலீஸ் அவசர எண் 119. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள். 2024 ஏப்ரலில் கொழும்பில் புதுக்கடை என்ற பகுதியில் ஒரு கொத்து ரொட்டிக்கு 1,900 ரூபாய் கேட்டு வெளிநாட்டுப் பயணியை மிரட்டிய ஆள், காணொளி பரவியதும் கைதானார். என் முறைப்பாட்டின் நகலை வைத்திருக்கிறேன். இதே குடைக்காரரிடம் வேறு யாராவது மாட்டியிருந்தால் நீங்களும் போய் எழுதிக் கொடுங்கள்.