ஐ.பி.எஸ்.: ஊசியா, உணவா, மாத்திரையா?

ஐ.பி.எஸ். என்னும் குடல் எரிச்சல் நோய் (Irritable Bowel Syndrome) உள்ளவரின் அவதி அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகவே வரும். வயிறு மட்டும் வலிக்கும், உப்பும், ஒரு நாள் கட்டிக்கொள்ளும், மறுநாள் பிடுங்கிக்கொண்டு போகும். பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர்கள், உடலில் மெல்லிய ஊசிகளைச் செருகும் அக்குபஞ்சரைத் தேடிப் போவது நியாயம்தான். ஆனால் மற்ற சிகிச்சைகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் முதல் தேர்வு அது இல்லை.

மருத்துவ ஆதாரங்களை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012-ல், ஐ.பி.எஸ்.ஸுக்கு அக்குபஞ்சர் பற்றிய 17 ஆய்வுகளைத் தொகுத்து அலசியது. அவற்றில் சில, உண்மையான ஊசியைப் பொய் ஊசியோடு ஒப்பிட்டவை. பொய் ஊசியில் ஒரு வகையின் முனை மழுங்கலாக இருக்கும். அழுத்தினால் தோலைத் துளைக்காமல் கைப்பிடிக்குள் போய்விடும். இந்த ஆய்வுகளில் நோயின் தீவிரத்திலோ வாழ்க்கைத் தரத்திலோ இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மாத்திரைகளோடு ஒப்பிட்ட சீன ஆய்வுகளில் ஊசி முந்தியது உண்மை. ஆனால் அங்கே தனக்கு எந்தச் சிகிச்சை என்பது நோயாளிக்கே தெரியும். எதிர்பார்ப்பும் சேர்ந்து வேலை செய்திருக்கலாம்.

அப்படியென்றால் ஊசி போட்டவர்களுக்குக் கிடைத்த நிம்மதி பொய்யா? இல்லை. ஹார்வர்டு ஆய்வாளர் டெட் காப்சக்கின் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வில் 262 பேர் இருந்தார்கள். சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்குப் போதுமான நிவாரணம் கிடைத்தது. பொய் ஊசி மட்டும் பெற்றவர்களில் அது 44 சதவீதம். அதே பொய் ஊசியோடு, உட்கார வைத்துக் கனிவாகப் பேசிக் கேட்ட பிரிவில் 62. இந்த நோயாளிகளுக்குப் பெரும்பாலும் கிடைக்காததே அந்தக் கவனிப்புதான். எந்த மருத்துவரும் அதைத் தரலாம், ஊசி தேவையில்லை.

உணவு வழியில், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபாட்மேப் (FODMAP) முறைக்கு நல்ல ஆதாரம் உண்டு. குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நொதிக்கும் சில வகை கார்போஹைட்ரேட்டுகளைக் குறைப்பதே இது. வெங்காயம், பூண்டு, கோதுமை போன்றவற்றைச் சில வாரம் நிறுத்தி, அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். பலர் நிறுத்துவதோடு நின்றுவிடுகிறார்கள். அது தவறு, சத்துக்குறைவில் கொண்டுபோய் விடும். உணவியல் நிபுணர் துணையோடு செய்வதே நல்லது.

அது போதாவிட்டால் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின். 463 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 10 முதல் 30 மில்லிகிராம் வரை எடுத்தவர்களுக்கு வெற்று மாத்திரையைவிட நல்ல பலன் தெரிந்தது. மனச்சோர்வு மருந்தாயிற்றே என்று பயப்பட வேண்டாம். இங்கே அது குடலின் வலி உணர்வைத் தணிக்கத்தான். வாய் உலரும், தூக்கம் வரும். அதனால் இரவில் எடுப்பார்கள்.

இவற்றோடு கூடுதலாக அக்குபஞ்சரும் வேண்டுமென்றால் தாராளமாகப் போகலாம், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிதானா என்று கேட்டுக்கொண்டு. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை ஏதாவது இருந்தால் மட்டும் ஊசிக்கோ உணவுமுறைக்கோ போகாமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.