ஷோரூம் தரும் ‘இன்சூரன்ஸ் பேக்’: புதுக் கார் எடுப்பவர்கள் கவனத்துக்கு

63,826 ரூபாய். ஆன்ரோடு விலைத்தாளில் ரோடு டாக்ஸுக்குக் கீழே ‘இன்சூரன்ஸ், பிரீமியம் பேக்’ என்று ஒரே வரியில் போட்டிருந்த தொகை இது. 1,197 சிசி பெட்ரோல் வண்டி, எக்ஸ்ஷோரூம் விலை 10.40 லட்சம். சென்னைப் புறநகரில் இருக்கும் ஒரு டீலர். பெயர் சொல்லிப் பிரயோஜனமில்லை, நான் விசாரித்த மற்ற ஷோரூம்களிலும் இதே பாட்டுதான்.

பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். “சிஸ்டத்துல டோட்டல் மட்டும்தான் சார் வரும்” என்றார் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த தம்பி. பச்சைப் பொய். பாலிசி ஷெட்யூலில் ஒவ்வொரு ஆட்-ஆனுக்கும், அதாவது அடிப்படைப் பாலிசிக்கு மேல் சேர்க்கும் கூடுதல் காப்பீட்டுக்கும், தனித்தனி வரியில் பிரீமியம் போட்டிருப்பார்கள். பிற்பாடு என் கைக்கு வந்த ஷெட்யூலில் அப்படித்தான் இருந்தது. ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கு) 24,300. மூன்று வருட தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கு) 10,640. ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தருவது) 5,900. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டி திருடு போனாலோ முழுதும் அழிந்தாலோ பில் விலையைத் தருவது) 2,900. டயர் 2,300. கன்ஸ்யூமபிள்ஸ் (ரிப்பேரில் செலவாகும் ஆயில், நட்டு போல்ட் மாதிரி) 1,100. சாவி 600. வண்டிக்குள் இருக்கும் சொந்தப் பொருள்கள் 450. ஓனர் டிரைவருக்கான விபத்துக் காப்பீடு 900. கூட்டி, 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டால் 57,926.

மீதி 5,900 எங்கே போனது? அது இன்சூரன்ஸே இல்லை. ஏதோ ஒரு அசிஸ்டன்ஸ் கம்பெனியின் மெம்பர்ஷிப் கார்டு. வழியில் வண்டி நின்றால் டோயிங், பேட்டரி ஜம்ப் ஸ்டார்ட், பங்சருக்கு ஆள். இதையெல்லாம் என் வண்டியைத் தயாரித்த கம்பெனியே வாரண்டி காலத்தில் இலவசமாகத் தருகிறது. அதே டீலர் கொடுத்த ஓனர்ஸ் மேனுவலில் அச்சடித்தும் இருக்கிறது!

இதில் தேர்ட் பார்ட்டிக்கான 10,640 மட்டும் அரசு நிர்ணயித்த கட்டணம். 1,000 முதல் 1,500 சிசி வரை உள்ள புதுக் காருக்கு எங்கே போனாலும் பைசா மாறாது. மற்றதெல்லாம் பேரம்தான். சென்னையில் இந்த சிசி வண்டியின் ஓன் டேமேஜுக்குப் பழைய டாரிஃப் விகிதம், அதாவது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருந்த கட்டணம், 3.283 சதவீதம். என் ஐடிவி (பாலிசியில் போடும் வண்டி மதிப்பு) 9.88 லட்சத்துக்கு அது 32,436 ரூபாய் வரும். 2007-ல் டாரிஃப் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு கம்பெனிகள் இதில் தாராளமாகத் தள்ளுபடி தரலாம். டீலர் கொடுத்தது சுமார் 25 சதவீதம். அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் வெப்சைட்டில், அதே வண்டிக்கு, அதே ஐடிவிக்கு 60 சதவீதம் காட்டியது.

வெளியில் போட்டுக்கொள்கிறேன் என்றதும் பயமுறுத்தல் ஆரம்பம். “வெளியில போட்டா நம்ம ஒர்க்‌ஷாப்ல கேஷ்லெஸ் கிடையாது சார்.” கேஷ்லெஸ், அதாவது ரிப்பேர் பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டுவது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் இடையில் இருக்கும் ஒப்பந்தம். பாலிசியை விற்றது யார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நெட்வொர்க் கராஜ் பட்டியல் கம்பெனியின் வெப்சைட்டிலேயே கிடக்கிறது. அடுத்து, “பேங்க் ஒத்துக்காது சார்.” பேங்கில் கேட்டேன். முழு பாலிசியாக (ஓன் டேமேஜும் தேர்ட் பார்ட்டியும் சேர்ந்தது) இருக்கவேண்டும், அதில் ஹைப்பாத்திகேஷன் (கடனுக்கு ஈடு) என்று தங்கள் பெயர் இருக்கவேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். கடைசி அஸ்திரம், “அப்போ 15,000 டிஸ்கவுண்ட் வராது.” இது மட்டும் உண்மையாகவே நடக்கும். 15,000 போனாலும் எனக்கு லாபம்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். டீலர் மூலம்தான் எடுக்கவேண்டும் என்று வற்புறுத்தக் கூடாதென்று ஐஆர்டிஏஐ 2017-லேயே டீலர்களுக்கு வழிகாட்டுதல் போட்டிருப்பதையும் சொன்னேன். மேனேஜர் வந்து, “உங்க இஷ்டம் சார்” என்று சிரித்தார். வெளியில்தான் போடுகிறேன் என்று மெயிலும் அனுப்பிவைத்தேன்.

டெலிவரிக்கு முந்தைய வாரம் மொபைலுக்கு ஒரு எஸ்எம்எஸ். என் பெயரில் பாலிசி தயார், வாழ்த்துகள்! லோன் பேப்பர், ஆர்டிஓ படிவங்கள் என்று ஒரு கட்டுக் காகிதத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துக்குப் பென்சில் குறி போட்டு நீட்டினார்களே, அதற்கு நடுவில் எதுவும் நிரப்பாத புரோபோசல் படிவம் (பாலிசி கேட்கும் விண்ணப்பம்) ஒன்றையும் செருகியிருக்கிறார்கள். மெயிலைக் காட்டிக் கேட்டதற்கு, “பேக்-எண்ட் டீம் போட்டுட்டாங்க சார், ரிஜிஸ்ட்ரேஷனுக்கும் இதே பாலிசி நம்பர் போயிடுச்சு” என்று பதில்.

பாலிசியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காமல் ஓட்டியவருக்கான பிரீமியம் தள்ளுபடி, சுருக்கமாக என்சிபி) என்ற இடத்தில் பூஜ்யம். என் பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டதே இவர்கள்தான். அந்தப் பாலிசியில் 50 சதவீதம் போனஸ் இருப்பது அவர்கள் வாங்கி வைத்த ஜெராக்ஸிலேயே தெரியும். போனஸ் வண்டிக்கு உரியதல்ல, ஓனருக்கு உரியது. பழைய வண்டி கைமாறியதற்கான காகிதத்தைக் கொடுத்து அந்த இன்சூரன்ஸ் கம்பெனியிடம் என்சிபி ரிடென்ஷன் லெட்டர் (போனஸ் உங்களுக்கே என்ற கடிதம்) வாங்கினால் புது வண்டியின் ஓன் டேமேஜில் பாதி கழியும். மூன்று வருடம் வரை செல்லும். எக்ஸ்சேஞ்ச் கொடுக்கும் யாரிடமும் ஷோரூமில் இதைச் சொல்வதில்லை, சொன்னால் பிரீமியம் குறையும், அவர்கள் கமிஷனும் குறையும். விபத்துக் காப்பீட்டு விஷயமும் இப்படித்தான். ஏற்கெனவே 15 லட்சத்துக்குத் தனி விபத்து பாலிசி வைத்திருப்பவர் அதை எழுதிக் கொடுத்தால் இந்த 900 தேவையில்லை. 2019 முதல் அப்படித்தான். என்னிடம் பாலிசி இருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

இதைவிடப் பெரிய கூத்து, இவ்வளவு அள்ளிப் போட்டவர்கள் என்ஜின் புரொடெக்டை விட்டிருந்தார்கள். நான் இருப்பது வேளச்சேரி, மழை வந்தால் தண்ணீர் தேங்கும் ஏரியா.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். மழைத் தண்ணீர் வண்டிக்குள் வந்து சீட், கார்ப்பெட், வயரிங் கெட்டால் சாதாரண முழு பாலிசியே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஏர் இன்டேக் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும்போது ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால், காற்றை அழுத்தவேண்டிய பிஸ்டன் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் பிளாக்கே உடையும். இதை வெள்ளச் சேதம் என்று எடுத்துக்கொள்ளாமல், நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று கிளெய்மைத் தள்ளிவிடுவார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்த ஊரில் எத்தனையோ பேர் பட்டது இது. அதற்குத்தான் என்ஜின் புரொடெக்ட். நான் பார்த்த வெளி கொட்டேஷனில் அது 1,700 ரூபாய். எனக்கோ சாவிக்கும் வண்டிக்குள் வைத்த பொருளுக்கும் காப்பீடு, என்ஜினுக்கு இல்லை.

சரி, எதை வாங்கலாம்? என் கணக்கில் புதுக் காருக்கு ஜீரோ டெப் கண்டிப்பாக வேண்டும். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள், வண்டி ஷோரூமை விட்டு வந்து ஒரு வாரமே ஆகியிருந்தாலும். பம்பரே பிளாஸ்டிக்தானே. 14,000 ரூபாய் பம்பர் என்றால் 7,000 நம் கையிலிருந்து. ஆனால் “ஜீரோ டெப் இல்லேன்னா கண்ணாடிக்குக் கிடைக்காது” என்றால் நம்பாதீர்கள், கண்ணாடிக்கு எப்போதுமே தேய்மானம் கிடையாது. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் தமிழ்நாட்டில் யோசிக்கவேண்டிய ஒன்று. 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை உள்ள வண்டிக்கு 2023 நவம்பரிலிருந்து ரோடு டாக்ஸ் 18 சதவீதம். வண்டி திருடு போனால் ஐடிவி மட்டும்தான் வரும், கட்டிய டாக்ஸ் போனது போனதுதான். டாக்ஸையும் சேர்த்துத் தருகிறதா என்று அந்த ஆட்-ஆனின் விதியைப் படித்துவிட்டு எடுங்கள். வண்டிக்குள் வைத்த பொருளுக்கான காப்பீட்டில் பணமும் நகையும் சேராது. டயர் காப்பீட்டில் தேய்மானமும் சாதாரண பங்சரும் சேராது. இரண்டுக்கும் நான் காசு கொடுக்கமாட்டேன்.

நான் வேண்டியதை மட்டும் வைத்து, போனஸையும் கழித்துப் போட்ட வெளி கொட்டேஷன், என்ஜின் புரொடெக்ட் உட்பட, ஜிஎஸ்டியோடு 30,948. டீலர் தாளில் இருந்ததில் பாதிகூட இல்லை.

இதையெல்லாம் புகாராகக் கொடுத்தது என்ன ஆயிற்று என்றால், டீலரிடம் நடந்தது வெறும் இழுத்தடிப்பு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நேராக மெயில் போட்டு, பதில் வராமல் ஐஆர்டிஏஐ-யின் புகார்த் தளமான பீமா பரோசாவில் பதிந்த பிறகுதான் அசைந்தார்கள். ரிடென்ஷன் லெட்டரை ஏற்று போனஸ் தொகை ஜிஎஸ்டியோடு 14,337 என் கணக்குக்கு வந்தது. என்ஜின் புரொடெக்டை நடுவில் சேர்க்க முடியாது, ரினியூவலில்தான் என்று கைவிரித்துவிட்டார்கள். பாலிசியையே ரத்து செய்யலாம் என்றால் ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) அந்தப் பாலிசி நம்பரில் பதிவாகியிருந்தது, மூன்று வருட தேர்ட் பார்ட்டியும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பேசிக்கொண்டிருக்கையிலேயே ஐப்பசி வந்துவிட்டது. ரெட் அலர்ட் என்றால் எங்கள் ஏரியாவாசிகள் செய்வதையே நானும் செய்தேன், வண்டியை மேம்பாலத்தில் ஏற்றி ஓரமாக விட்டேன்.

கார்டுக்கான 5,900 இன்னும் வரவில்லை. அது இன்சூரன்ஸ் இல்லை என்பதால் பீமா பரோசாவில் எடுக்கமாட்டார்கள். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல் பதிந்திருக்கிறேன். இதே மாதிரி கார்டை உங்கள் தலையிலும் கட்டியிருந்தால் பில்லை எடுத்துப் பாருங்கள். என்னுடையதில் ‘வேல்யூ ஆடட் சர்வீஸ்’ என்று போட்டிருந்தது, இன்சூரன்ஸ் என்ற பேச்சே இல்லை. பில்லையும் விலைத்தாளையும் சேர்த்து ஸ்கேன் செய்து இணைத்தால் புகாரில் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.