திருப்பூர்–தூத்துக்குடி ஒரு நடை: டீசலா, எல்என்ஜியா, மின்சாரமா, ரயிலா?

ஜெர்மனிக்கு டி-ஷர்ட் அனுப்பும் கஸ்டமர் ஒருவரிடமிருந்து எங்கள் டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்கு ஒரு எக்செல் ஷீட் வந்தது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக உங்கள் வண்டி எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது, 2023-ல் வந்த ஐஎஸ்ஓ 14083 முறைப்படி சொல்லவும் என்று ஒரு கேள்வி. முதலாளி என்னைப் பார்த்தார். நான் டீசல் பில் கட்டைப் பார்த்தேன்.

திருப்பூருக்குச் சுற்றுச்சூழல் கேள்வி புதிதல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டபோது, லோடு இல்லாமல் வண்டிகள் வரிசையாக நின்றதைப் பார்த்த ஊர் இது. அன்று நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவைப் பற்றிக் கேட்டார்கள், இப்போது லாரிப் புகையைப் பற்றிக் கேட்கிறார்கள். பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் நான்கு விதமான ஆட்கள் எங்கள் படியேறி வந்தார்கள். ஒருவர் எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) வண்டி என்றார், ஒருவர் எலெக்ட்ரிக் என்றார், ஒருவர் ரயில் என்றார். நான்காமவர் மரம் நட்டு, ஐஎஸ்ஓ 14001 சான்றிதழும் வாங்கித் தருகிறேன் என்றார். அவரை முதலிலேயே அனுப்பிவிட்டோம். அந்தச் சான்றிதழ் கம்பெனியில் ஒழுங்கான நடைமுறை இருக்கிறதா என்று பார்க்கும். புகை எவ்வளவு குறைந்தது என்று அது சொல்லாது. கேட்டிருப்பது கிராம் கணக்கு.

கணக்குக்கு ஒரே நடையை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியிலிருந்து நாற்பதடி எம்ப்டி கன்டெய்னர் பெட்டி திருப்பூருக்கு வரும். இங்கே பனியன் ஏற்றித் திரும்பத் துறைமுகம் போகும். ஒரு பக்கம் சுமார் 320 கிலோமீட்டர், போக வர 640. பனியன் பஞ்சு மாதிரி. பெட்டி நிறைந்தாலும் எடை பத்து டன் பக்கம்தான். வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வையுங்கள். 160 லிட்டர் டீசல். லிட்டருக்குச் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் 429 கிலோ. இதைப் பத்து டன்னுக்கும் 320 கிலோமீட்டருக்கும் வகுத்தால் 134 கிராம் வருகிறது. அந்த 134-ல் பாதி, காற்றை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்த எம்ப்டி ஓட்டத்துக்கு உரியது. இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் எல்என்ஜி. இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கித் தொட்டியில் அடைக்கிறார்கள். எண்ணூரில் 2019-லிருந்து இந்தியன் ஆயிலின் முனையம் இருக்கிறது, கொச்சியில் பெட்ரோநெட்டின் முனையம் 2013-லிருந்து இருக்கிறது. எரிவாயு வரும் இரண்டு வாசலுக்கு நடுவில் நம் ஊர். எரிபொருள் நிரப்புவதைக் கிட்ட நின்று பார்த்தேன். ஆள் முழங்கை வரை கையுறையும் முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பும் போட்டுக்கொண்டு குழாயை மாட்டுகிறார். வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் குழாய் முனையில் பனி வெள்ளையாகப் படிகிறது. வண்டி ஸ்டார்ட் ஆனால் பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேச முடிகிறது. கரிப்புகை இல்லை. இதெல்லாம் உண்மையான லாபம்.

கார்பன் கணக்கில்தான் இடிக்கிறது. 25, 30 சதவீதம் குறையும் என்று விற்க வருபவர் சொல்வார். கிலோவுக்குக் கிலோ எரிவாயுவில் சக்தி அதிகம், ஆனால் அந்த இன்ஜின் டீசல் இன்ஜின் அளவுக்கு அதைப் பிழிந்தெடுப்பதில்லை. கிலோவுக்கு 4.5 கிலோமீட்டர் என்று வைத்தால் நம் நடைக்கு 142 கிலோ, அதிலிருந்து வருவது சுமார் 390 கிலோ கார்பன் டை ஆக்சைடு. டீசலைவிட மிச்சம் நாற்பது கிலோவுக்குள், அதாவது ஒன்பது சதவீதம். அதோடு போகட்டும் என்றால், எரியாமல் வெளியேறும் மீத்தேன் இருக்கிறது. நூறு வருடக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 28 மடங்கு சூடேற்றும். வழியில் எங்காவது ஒன்றரைக் கிலோ கசிந்தால் போதும், மிச்சம் பிடித்தது முழுக்கப் போய்விடும். இன்னொன்று, இந்தத் தொட்டி சும்மா நிற்கப் பிடிக்காத தொட்டி. நாள்கணக்கில் ஓடாமல் நின்றால் உள்ளே திரவம் ஆவியாகி அழுத்தம் ஏறி, வால்வு திறந்து வாயுவை வெளியே விட்டுவிடும். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ டிரைவர்கள் ஊருக்குப் போனால் எங்கள் யார்டில் வண்டிகள் பத்து நாள் நிற்கும். இரவு பகல் நிற்காமல் சிமென்ட், கம்பி ஏற்றி ஓடுகிற பெரிய கம்பெனிக்கு இது ஒத்துவரலாம். பனியன் சீசனை நம்பி ஓடும் எங்களுக்கு ஒத்துவராது.

அடுத்து எலெக்ட்ரிக். இதில்தான் எனக்கு ஆசை அதிகம், ஏமாற்றமும் அதிகம்.

55 டன் ரகத்தில் அசோக் லேலண்டும் டாடாவும் மின்சார வண்டி விடுகின்றன. லேசான லோடுக்கு நம் நடையில் கிலோமீட்டருக்கு 1.1 யூனிட் என்று வையுங்கள். போக வர 704 யூனிட். நம் நாட்டு கிரிட் மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது, பெரும்பகுதி நிலக்கரிதானே. பெருக்கினால் 493 கிலோ. டீசல் 429 கிலோ! கால்குலேட்டரை மூன்று முறை தட்டிப் பார்த்தேன். டீசலை எடுத்து, சுத்திகரித்து, பங்க் வரை கொண்டுவருவதில் ஆகும் கார்பனாக ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் அது 515 ஆகிறது. ஆக இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். புகை மதுரை ரிங் ரோட்டில் போவதற்குப் பதிலாக அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியில் போகும். ரோட்டோரத்தில் பெட்டிக்கடை வைத்திருப்பவருக்கு அதுவும் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் எக்செல் ஷீட்டில் எழுத ஒன்றும் கிடைக்காது.

அதே வண்டிக்குக் காற்றாலை மின்சாரம் கொடுத்தால் கதை தலைகீழ். அந்த 493 பூஜ்யத்தை ஒட்டிப் போய்விடும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் போனால் இறக்கை சுற்றாத திசை இல்லை. இங்கே மில்காரர்கள் பலர் சொந்தக் காற்றாலை வைத்திருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் கூட்டாகவும் சேரலாம்: பயன்படுத்துவோர் 26 சதவீதப் பங்காவது வைத்துக்கொண்டு, உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது தாங்களே செலவழிக்க வேண்டும் என்பது விதி. 2022-ல் வந்த பசுமை மின்சார விதிகள், நேரடியாகப் பசுமை மின்சாரம் வாங்குவதற்கான குறைந்தபட்ச அளவை 100 கிலோவாட்டாக இறக்கின. குடோன் கூரை சோலாரையும் யோசித்தோம். பகல் முழுக்க வெயில் அடிக்கும்போது வண்டி ரோட்டில் இருக்கும், வண்டி வந்து சேரும்போது சூரியன் போய்விடும். இராத்திரி சார்ஜுக்குக் காற்றே தோது. ஆடி மாதம் அடிக்கிற அடிக்குக் கேட்கவே வேண்டாம், தை மாதத்தில்தான் கையைப் பிசைய வேண்டும்.

விலை? பெரிய வண்டி, டீசல் வண்டியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் மானியம் உண்டு. அதற்குப் பழைய வண்டி ஒன்றை முறைப்படி உடைத்து, அதன் சான்றிதழைக் காட்ட வேண்டும். அதையும் தாண்டி நடைமுறைக் கஷ்டம் ஒன்று. வழியில் சார்ஜர் இருக்கிறதா என்று பார்க்க நானே ஒரு முறை காரில் போனேன். சார்ஜர் இருந்தது. ஓட்டல் வாசலில், ஷெட்டுக்கு அடியில், காருக்கு அளவெடுத்துப் போட்டது. நாற்பதடி டிரெய்லரை அங்கே நுழைத்தால் ஓட்டலின் பெயர்ப்பலகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் வெளியே வரும்.

ஊருக்குள் ஓடும் வண்டி வேறு சங்கதி. நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறை, அங்கிருந்து காம்பேக்டிங், பிறகு கட்டிங், பிரிண்டிங், அயர்னிங் என்று ஒரு துணி ரோல் திருப்பூருக்குள்ளேயே ஊர்வலம் போகும். இதற்கு ஓடும் குட்டி யானைகள் ஒரு நாளில் எண்பது கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. பாதி நேரம் நெரிசலில் இன்ஜினை ஓடவிட்டு நிற்கும். இராத்திரி ஒரே இடத்துக்குத் திரும்பும். டாடா ஏஸ் மின்சார வண்டியில் 21.3 யூனிட் பேட்டரி. சான்றிதழ்ப்படி 154 கிலோமீட்டர் ஓடும், நிஜத்தில் நூறு என்று வைத்தாலும் நமக்குப் போதும். இதற்கு வழியில் சார்ஜர் தேட வேண்டியதும் இல்லை.

ரயில். காகிதத்தில் இதை அடிக்க ஆளில்லை. 45 வேகன் கன்டெய்னர் ரயில் ஒன்று, இருபதடிப் பெட்டிக் கணக்கில் 90-ஐ ஒரே இழுப்பில் இழுக்கும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது தடை மிகக் குறைவு, அதனால் டன்னுக்கான சக்தி லாரியில் ஆவதில் ஒரு சிறு பங்குதான். பக்கத்தில் இருகூரில், ரயிலில் பெட்டி ஏற்றும் அரசு நிறுவனமான கான்காரின் முனையமும் இருக்கிறது. பிறகு ஏன் பனியன் லாரியில் போகிறது? இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பதில் தெரியும். கப்பலுக்கு கட்-ஆஃப், அதாவது பெட்டியை ஒப்படைக்கும் கடைசி நேரம், வெள்ளி இராத்திரி என்றால், வியாழன் மாலை வரை பேக்கிங் டேபிளில் பாலிபேக் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். ரயில் நிறையும் வரை காத்திருக்க இந்தச் சரக்குக்கு நேரம் கிடையாது.

காத்திருந்து கப்பலை விட்டால் என்ன ஆகும் என்றும் கணக்குப் போட்டேன். சரக்கு விமானத்தில் போகும். விமானத்தில் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகச் சுமார் அரைக் கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஐரோப்பா சுமார் 8,000 கிலோமீட்டர். பத்து டன்னுக்கு 40 டன். நம் டீசல் லாரி தூத்துக்குடிக்குப் போய்வருவது 0.43 டன். ஒரு பெட்டி கப்பலைத் தவறவிட்டால், தொண்ணூறு நடைக்கு மேல் டீசல் லாரி ஓட்டிய புகை ஒரே நாளில் போய்விடுகிறது. இதை அந்த ஜெர்மன்காரரின் ஷீட் எங்களிடம் கேட்கவே இல்லை. ஆர்டரைக் கடைசி நேரத்தில் மாற்றுகிறவர்களே அவர்கள்தானே.

ரயிலும் கரையோரக் கப்பலும் ஜெயிப்பது உள்ளே வரும் சரக்கில். குஜராத்திலிருந்து வரும் பஞ்சுப் பேல் நான்கு நாள் தாமதமானால் மில் நின்றுவிடாது, ஸ்டாக் இருக்கும். அதே குஜராத்தின் மோர்பி டைல்ஸ் ஏற்கனவே கப்பலில் தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் வந்துகொண்டிருக்கிறது. பஞ்சை லாரியில் மட்டுமே எடுப்போம் என்று நிற்பது பழக்கதோஷம் தவிர வேறில்லை.

கடைசியாக, யாரும் விற்க வராத வழி: இருக்கிற டீசல் வண்டியையே ஒழுங்காக ஓட்டுவது. காலையில் யார்டுக்குள் எங்கள் மூத்த டிரைவர் கையில் இரும்புக் கம்பியோடு பதினெட்டு சக்கரத்தையும் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவார். காற்று சரியாக இருந்தால் 'டங்' என்று எழும்பும், குறைந்திருந்தால் 'தொப்' என்று அமுங்கும். "ஏனுங் தம்பி, உள் டயர் ரெண்டுல காத்து கம்மிங்க. இப்படியே உட்டா டீசல் குடிக்குமுங்க" என்பார். "மைலேஜ் எவ்ளோ குறையுங்ணா?" என்று கேட்டால், "அது உங்க கம்ப்யூட்டருக்குத்தான் தெரியோணும்" என்பார். அவருக்குக் காது, எனக்கு கேஜ்.

இங்கே ஒரு அழுக்கும் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பெரிய வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்ய 32.5 சதவீத யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும். டிரைவர்கள் வாயில் அது வெறும் 'யூரியா'. அந்தச் செலவை மிச்சம் பிடிக்க, சென்சாரை ஏமாற்றும் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டித் தருகிறேன் என்று ஒரு பட்டறைக்காரர் என்னிடமே பேரம் பேசினார். மாட்டினால் நைட்ரஜன் ஆக்சைடு கண்டபடி வெளியேறும். ஆனால் கார்பன் கணக்கில் ஒரு கிராம் கூடத் தெரியாது. ஷீட்டைப் பொறுத்தவரை நாங்கள் உத்தமர்களாகவே இருப்போம். கார்பனை மட்டும் கேட்கிற எந்தக் கேள்வித்தாள் மீதும் எனக்கு நம்பிக்கை குறைந்தது அன்றிலிருந்துதான்.

இப்போது அந்த எம்ப்டி ஓட்டத்துக்கு வருவோம். கோவை, ஈரோடு பக்கத்து ஆலைகளுக்கு இறக்குமதிச் சரக்கு பெட்டியில் வருகிறது: மெஷின், பழைய காகிதம், பஞ்சு. இறக்கியபின் காலிப் பெட்டி தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ திரும்பிப் போகும். அதே நாள் நாங்கள் தூத்துக்குடியிலிருந்து இன்னொரு காலிப் பெட்டியை இந்தப் பக்கம் கொண்டுவந்துகொண்டிருப்போம். ரோட்டில் ஒன்றுக்கொன்று ஹாரன் அடித்துக் கடந்துபோகும் இரண்டு எம்ப்டி! அந்தப் பெட்டியை இங்கேயே பிடித்துப் பனியன் ஏற்றிவிட்டால் 134 கிராம், எழுபதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். மேலே சொன்ன எந்தப் புது வண்டியும் கிரிட் மின்சாரத்திலோ எரிவாயுவிலோ இதைத் தராது. தடை என்னவென்றால் இரண்டு பெட்டியும் ஒரே ஷிப்பிங் லைனுடையதாக (கப்பல் கம்பெனியுடையதாக) இருக்க வேண்டும், லைன்காரர் அனுமதிக்க வேண்டும், பெட்டி ஓட்டை உடைசல் இல்லாமல், பழைய காகித நாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். பனியனில் வாடை ஏறினால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும்.

நாங்கள் எடுத்த முடிவு இது. ஊருக்குள் இரண்டு மின்சாரக் குட்டி யானை. பெரிய மின்சார வண்டி, காற்றாலைப் பங்கு கிடைக்கும் வரை இல்லை. எல்என்ஜி வேண்டாம். பஞ்சில் ஒரு பகுதியைக் கப்பலுக்கு மாற்றச் சொல்லி மில்காரர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். காலிப் பெட்டிக்கு நான்கு டிரான்ஸ்போர்ட்காரர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். போட்டிக் கம்பெனிகள்தான், கட்டணம் பற்றி மட்டும் அதில் யாரும் வாயைத் திறப்பதில்லை. நேற்று மாலை அதில் வந்த செய்தி: "இருகூர், நாற்பதடி ஒண்ணு, உள்ளே காஞ்சிருக்கு, வாடை இல்லை, நாளைக் காலை ஒன்பது வரை." எங்கள் ஆள் முகர்ந்து பார்க்கப் போயிருக்கிறார்.